மலை வலது கைப்பக்கம்

திருவண்ணாமலையில் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிற ஆள் ஒருவர்கூட இல்லாத கட்டடம் என்றால் அது லாட்ஜாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் ஒரு அகாடமி தொங்குகிறது. எல்லா ஃப்ளெக்ஸிலும் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் முறைத்துக்கொண்டிருக்கும். கவனித்துப் பார்த்தால் ஒரே பெண் மூன்று அகாடமி ஃப்ளெக்ஸில் இருப்பாள். மூன்றிலும் இலவச மாதிரித் தேர்வு எழுதியிருப்பாள், அவ்வளவுதான் விஷயம்.

சரசு அக்காவின் அகாடமிக்கு ஃப்ளெக்ஸ் கிடையாது. கட்டடமும் கிடையாது. மலையைச் சுற்றிப் போகும் பதினாலு கிலோமீட்டர் ரோடு இருக்கிறது. எட்டு லிங்கம் இருக்கிறது. பின்னால் ஓர் ஆட்டோ வரும். அதை ஓட்டுவது அக்காவின் வீட்டுக்காரர் முருகவேல். தண்ணீர் கேனும் மாணவர்களின் செருப்பு மூட்டையும் அதில் இருக்கும். கிரிவலம் வெறுங்காலோடு போவதுதானே வழக்கம். ஆட்டோவின் முதுகில் அக்கா சிவப்பு பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தாள்: ‘அரசு வேலை கிடைத்த பிறகே செருப்பு.’ இந்த ஒரு வரியால் பின்னால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான் அன்பரசன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம். அக்காவிடம் மூன்று வருஷம் படித்தேன், அதாவது நடந்தேன். அவளை அந்தச் சிக்கலில் மாட்டிவிட்ட புண்ணியவானும் நானே. அதனால் இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலை. பி.எஸ்சி. கணக்கு. கல்யாணமாகி டவுனுக்கு வந்தபோது, கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் முன்னறையோடு கூடிய போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. அந்த முன்னறையில் பதினோரு பேரை உட்காரவைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். மேலே சிமெண்ட் ஷீட். மத்தியானம் இரண்டு மணிக்கு அரசியலமைப்பின் முகவுரையை ஆரம்பித்தால் இரண்டே காலுக்குள் பதினோரு பேரும் தூங்கியிருப்பார்கள்.

வீட்டு ஓனர் அருணகிரி நல்ல மனிதர். ஆனால் பௌர்ணமி வந்தால் இந்த ஊரில் யாரும் தன் வீட்டில் தானே இருக்க முடியாது. ஒரு பௌர்ணமியன்று மத்தியானம் அவர் வாசலில் வந்து நின்றார்.

“சரசு, ஆந்திராலேர்ந்து பதினாறு பேர் வர்றாங்கம்மா. முன் ரூம் வேணும். பசங்கள நாளைக்கி வரச்சொல்லேன்.”

“ஞாயித்துக்கெழம டெஸ்ட்டுங்க. பாடம் முடியல.”

“அதெல்லாம் அண்ணாமலையார் பாத்துக்குவாரு.”

“அவரா வந்து அடிப்படை உரிமை நடத்தப்போறாரு?” என்று அக்கா வெடித்தாள். அதற்குள் பதினாறு பேரும் பைகளோடு சந்துக்குள் வந்துவிட்டார்கள். பதினோரு மாணவர்களும் நோட்டோடு தெருவில் நின்றார்கள். அக்கா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஊர் முழுக்க ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தது.

“இன்னாத்துக்கு நிக்கிறீங்க? நடங்கடா,” என்றாள்.

அன்றைக்கு மூன்றரை மணி நேரம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டே பாடம் நடத்தினாள். நடக்கிறவன் தூங்க முடியாது என்பது அவள் கண்ட முதல் நன்மை. இரண்டாவது நன்மை ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டில் தெரிந்தது. பதினோரு பேரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் ஒருவன் சொன்னான்: “தேர்தல் ஆணையம் எந்த சரத்துன்னு நெனச்சேன்க்கா. இஞ்சி டீ வாசன வந்துச்சி. டீக்கட கிட்ட நீங்க முன்னூத்தி இருவத்திநாலுன்னு கத்தனீங்க இல்ல?”

அக்கா அன்றே முன்னறையைக் காலி செய்தாள். அருணகிரி இன்றுவரை அதைத் தினசரி வாடகைக்கு விட்டுக்கொண்டு, அகாடமியைத் தொடங்கி வைத்ததே நான்தான் என்று பெருமை பேசுகிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பௌர்ணமிக் கூட்டத்தில் குரல் எடுபடாது என்பதால் வகுப்பு ஞாயிறு விடிகாலைக்கு மாறியது. மாதத்துக்கு ஒரு லிங்கம், லிங்கத்துக்கு ஒரு பாடம். இந்திர லிங்கம் தேவராஜனுடையது, ஆகவே அரசியலமைப்பு. அக்னி லிங்கத்தில் அறிவியல். செத்துப்போன ராஜாக்கள் அத்தனை பேரும் எம லிங்கத்தில். நிருதியில் சுதந்திரப் போராட்டம். வருண லிங்கத்தில் ஆறு, அணை. வந்த வேகத்தில் போய்விடுவதால் நடப்பு நிகழ்வுகளுக்கு வாயு லிங்கம். குபேர லிங்கத்தில் கணக்கு. ஈசான்யத்திலிருந்து கோயில் வாசல்வரை தமிழ். புதுப்பாடம் அந்தந்த மாதத்து லிங்கத்தில் நடக்கும். மற்ற இடமெல்லாம் திருப்புதல். ஆனால் எல்லா ஞாயிறும் முழுச் சுற்று வந்தே ஆகவேண்டும். கால் கொப்பளித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, கிரிவலத்தைப் பாதியில் விடக்கூடாது. இதில் மட்டும் அக்காவிடம் பேச்சுக்கே இடமில்லை.

ரோட்டில் இருந்த எதுவும் தப்பவில்லை. எம லிங்கம் தாண்டி மூன்று வேகத்தடைகள் வரும். ஒன்றில் ஏறும்போது முதல் பானிபட் போர், அடுத்ததில் இரண்டாவது, அதற்கடுத்ததில் மூன்றாவது. எலுமிச்சை ஜூஸ் வண்டி வைட்டமின் சி. யார் விரட்டினாலும் எழாத நாய் ஒன்று ரோட்டோரம் படுத்திருக்கும், அது மாநிலங்களவை. அதைக் கலைக்க முடியாது. ஒருமுறை தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்று, நாங்கள் கோரஸாகச் சொன்ன அடிப்படைக் கடமைகள் பதினொன்றையும் ஏதோ ஸ்தோத்திரம் என்று நம்பி, கூடவே சொல்லிக்கொண்டு ஈசான்யம்வரை வந்து, கடைசியில் அக்கா காலில் விழுந்தது. நிருதி லிங்கத்துச் சாமியார் ஒருவர், தப்பாகச் சொன்ன பையனைத் திருவோட்டால் தட்டித் திருத்துகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

பதினொன்று நாற்பதாகி, நாற்பது அறுபதானது. வருஷத்துக்கு ஐந்தாறு பேர் வேலைக்குப் போனார்கள். வேலை ஆணை வந்த அன்று ஆட்டோவிலிருந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிடுவாள் அக்கா. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே படித்தவர்கள் உண்டு. முருகவேல் மாமா இதிலெல்லாம் தலையிடமாட்டார். பிளஸ் டூ படித்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி. ஆறு வருஷமாக, ஞாயிறு தவறாமல், முதல் கியரில் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார்.

இந்த நேரத்தில்தான் நான் பரீட்சை எழுதப் போனேன். வந்தவாசியைத் தேர்வு மையமாகக் கேட்டிருந்தேன். என் அக்கா ஓவியாவைக் கட்டிக்கொடுத்த ஊர், மத்தியானம் சாப்பாடு கிடைக்கும் என்ற கணக்கு. ஹாலில் உட்கார்ந்து முதல் கேள்வியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது. வரவில்லை. டீக்கடை தெரிகிறது, நாய் தெரிகிறது, விடை மட்டும் தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மூன்று வருஷமாக நான் படித்த ஒவ்வொரு எழுத்தும் மலை வலது கைப்பக்கம் இருக்கும்போது படித்தது. கிரிவலத்தில் மலை எப்போதும் வலது பக்கம். இங்கே மலையே இல்லை.

எழுந்து கண்காணிப்பாளரிடம் கேட்டேன்: “சார், திருவண்ணாமல எந்தப் பக்கம்?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்பா, இப்பவே ஊருக்குப் போணுமா?”

நானே வெயிலைப் பார்த்து, மேற்கு என்று கண்டுபிடித்தேன். மேற்கு வலது கைக்கு வரவேண்டும் என்றால் தெற்கே பார்த்து உட்காரவேண்டும். பெஞ்சு கிழக்கே பார்த்துக் கிடந்தது. கொஞ்சம் திரும்பினால் பக்கத்துப் பெண்ணின் விடைத்தாள் மேலேயே கண் விழுந்தது. இரண்டு முறை எச்சரித்து, மூன்றாம் முறை என்னைச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். பரீட்சை ஊத்திக்கொண்டது.

சரசு அக்கா நம்பவில்லை. “படிக்காத கழுத. மல மேல பழி போடறியா?” என்றாள். ஆனால் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம். பையன் சொல்வது நிஜம் என்றால், உள்ளூரில் எழுதாத அத்தனை பேரையும் அவளே கெடுத்துவிட்டதாக ஆகிறதே! சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அடுத்த அறிவிப்பு வந்ததும் தானே விண்ணப்பம் போட்டாள். மையம் வந்தவாசி.

திட்டம் எளிமையானது. உட்காருவது, மலை இல்லாமல் விடை ஞாபகம் வருகிறதா என்று பார்ப்பது, பிறகு இருநூறு கேள்விக்கும் ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்தைக் கருக்கிவிட்டு வீடு திரும்புவது. போன இடத்தில் அவளுக்கும் ஒன்றும் வரவில்லை. நான் சொன்னது சத்தியமான உண்மை. அவளும் எழுந்து, திருவண்ணாமலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதே கண்காணிப்பாளர்.

“உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தானாம்மா?”

ஆனால் அக்கா உடம்பைத் திருப்பவில்லை. கண்ணை மூடி, மனசுக்குள் மலையைத் தூக்கி வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, இந்திர லிங்கத்திலிருந்து நடந்தாள். எல்லாம் வந்தது. சோதனை முடிந்தது. இனி ஐந்தாவது வட்டத்தைக் கருக்க வேண்டியதுதான்.

“கை போகலடா,” என்றாள் என்னிடம் பிறகு. “தெரிஞ்சத வெச்சிகினு தெரியலன்னு எப்பிடி எழுதறது? அதுவும் அப்பத்தான் மனசுக்குள்ள மலைய சுத்திட்டு வந்திருக்கேன். பொய் எழுத முடியுமா?”

நூற்றுத்தொண்ணூற்றேழுக்கு உண்மையான விடையைக் கருக்கினாள். மூன்று மட்டும் நிஜமாகவே தெரியவில்லை. ரிசல்ட் வந்தது. மாநில அளவில் அறுபத்திரண்டாவது இடம். மலை வலது கைப்பக்கம் தெரியட்டும் என்று உள்ளூரிலேயே எழுதிய நானும் அந்த வருஷம் தேறினேன். நானூறு சொச்சம். ஆனால் என்னை யார் கண்டுகொண்டார்கள்?

மறுநாள் காலை, காந்தி சிலைப் பக்கம் பிரமாண்டமான ஃப்ளெக்ஸ். ‘சக்கரவர்த்தி ஐ.ஏ.எஸ். அகாடமியின் சாதனை மாணவி ஆர். சரசு.’ சக்கரவர்த்தி சார் ஊரிலேயே ஏசி ஹால் வைத்திருக்கிற ஒரே ஆள். எந்த வருஷமோ அவருடைய வினாத்தாள் எப்படி இருக்கிறது என்று வேவு பார்க்க, அக்கா அங்கே இலவச மாதிரித் தேர்வு எழுதியிருக்கிறாள். அப்போது கொடுத்த போட்டோ! சண்டைக்குப் போன அக்காவுக்கு அவர் சால்வை போர்த்தி, அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

வேடிக்கை அங்கே முடிந்தது. அரசு வேலையில் சேர்ந்தால் அகாடமி நடத்த முடியாது. சேராவிட்டால், அரசு வேலைதான் வாழ்க்கை என்று ஆட்டோ முதுகில் எழுதி ஊர் சுற்றியவள் என்ன முகத்தோடு பாடம் நடத்துவாள்? கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் காசியம்மாள் ஒரு கூடை வெற்றிலை பாக்கோடு வந்து இறங்கினாள். எங்கள் ஊர்க்காரிதான், எனக்குத் தெரியும்: அந்தக் கூடை காலியாகும்வரை ஊரில் ஒருத்தரையும் விடமாட்டாள். “மருமவ ஆபீசருங்க” என்று சொல்லிச் சொல்லி விநியோகித்தாள். முருகவேல் மாமாகூடச் சிரித்த முகமாக இருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

கவுன்சிலிங்குக்கு இருவரும் சென்னைக்கு ஒரே பஸ்ஸில் போனோம். என்னுடையது மறுநாள், ஆனாலும் துணைக்கு இருக்கட்டும் என்று மாமா அனுப்பினார். அக்கா வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே நடந்ததை வெளியே வந்து சொன்னாள்.

காலியிடங்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. எந்த இடம் வேண்டும் என்று அதிகாரி கேட்டார். அக்கா திரையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அவர் மறுபடி கேட்டார்.

“விட தெரியல சார்,” என்றாள்.

“அந்த ஆப்ஷன் இங்க கிடையாதும்மா. வேலை வேணுமா, வேண்டாமா?”

“சார், வேலைல இருந்துகினே ஞாயித்துக்கெழம மட்டும் மலைய சுத்திகினே கிளாஸ் எடுக்கலாமா?”

“மலைய சுத்தலாம். கிளாஸ் நடத்தக்கூடாது.”

“எங்க பசங்க வாயு லிங்கத்துல நிக்கறாங்க சார்,” என்றாள் அக்கா. “இன்னும் குபேரன் இருக்குது, ஈசான்யம் இருக்குது. பாதியில விடக்கூடாது.”

அவருக்கு என்ன புரிந்ததோ, பாவம். ஒரு தாளை நகர்த்தினார். அக்கா வேண்டாமென்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். நான் அவளை அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. செக்யூரிட்டி வந்து, “ரெண்டு பேருக்கும் கெடைக்கலியா?” என்று ஆறுதல் சொன்னார்.

ஊர் திரும்பினால் சனி காத்திருந்தது. காசியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சக்கரவர்த்தி சார் ஃப்ளெக்ஸிலிருந்து அக்கா முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார். அந்த ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த பல் டாக்டர் விளம்பரம் தெரிந்தது. பூஜா என்ற பெண்ணின் அப்பா நேரிலேயே கேட்டார்: “கெடச்ச வேலைய தூக்கிப் போட்டவங்க கிட்ட எம் பொண்ண எப்பிடிம்மா அனுப்பறது? அவளும் கத்துக்குனா?” அறுபது பேர் முப்பத்தெட்டானார்கள். அடுத்த ஞாயிறு இருபத்தொன்று. முருகவேல் மாமா அக்காவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஆனால் ஆட்டோவை மட்டும் ஞாயிறு விடிந்ததும் இந்திர லிங்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். அதில் குறை வைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பதினோரு பேர்தான் வந்தார்கள். ஆரம்பித்த நாளில் இருந்த அதே எண்ணிக்கை. பன்னிரண்டாவதாக, வேலை ஆணைக்குக் காத்திருந்த நான், சும்மா நின்றேன். அக்கா எங்களை எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். “இன்னியோட நிறுத்திடலாமா அன்பு?” என்று மெல்லக் கேட்டாள்.

அப்போது மாமா ஆட்டோவை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். மூட்டைக்குள் போட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றார்.

அக்கா நோட்டையும் அவரையும் பார்த்தாள். “இன்னா இது?”

மூன்று வாரத்துக்குப் பிறகு மாமா வாயைத் திறந்தார். “வீட்டுக்கு ஒரு கவர்மெண்ட் வேல வேணும். நீ வேணான்ட்ட. நான் எழுதறேன்.”

ஆட்டோவை என் தலையில் கட்டினார்கள். எனக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும். எம லிங்கம்வரை ஆட்டோவை நான் ஓட்டினேனா, அது என்னை ஓட்டியதா என்று சொல்ல முடியாது. முதல் வேகத்தடை வந்ததும் அக்கா திரும்பினாள். வீம்பும் கோபமும் பொங்க, நேராக மாமாவையே கேட்டாள்: “மொத பானிபட் போர்?”

மாமா தலையைச் சொறிந்தார். நோட்டைப் புரட்டினார், அதில் ஒன்றும் இல்லை. பூஜா, அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருந்தவள், களுக்கென்று சிரித்தாள். மாமா முகம் கறுத்துவிட்டது. விறுவிறு என்று ஆட்டோவிடம் வந்து, “எறங்குடா,” என்றார். இறங்கினேன். அவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“ஆயிரத்தி ஐந்நூத்தி இருவத்தாறு. பாபர், இப்ராஹிம் லோடி,” என்றார். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகினார். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. அடுத்தது வந்தது. “ஐம்பத்தாறு. அக்பர், ஹெமு.” மூன்றாவது. “ஆயிரத்தி எழுநூத்தி அறுபத்தொண்ணு. மராட்டியர், அப்தாலி.” நிறுத்தவில்லை. சரத்து, வைட்டமின், மேட்டூர் அணை, சாத்தனூர் அணை, முந்தின வாரத்து நடப்பு நிகழ்வுவரை கொட்டினார். ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் அந்த ஹேண்டில்பாரில் இருந்தன.

அக்கா நடுரோட்டில் நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து நாங்கள் மலையைப் பார்த்தோம். ஆனாலும் வாத்தியார் பிடியை விடாமல் சொன்னாள்: “எக்ஸாம் ஹாலுக்குள்ள ஆட்டோவ வுடமாட்டாங்க.”

“மலைய மட்டும் வுட்டாங்களா? எந்தப் பக்கம்னு நீ கேட்ட இல்ல? நானும் கேட்டுக்கறேன்.”

“இன்னான்னு கேப்ப?”

மாமா ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சரசு எந்தப் பக்கம் நடந்து போறான்னு.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பேசாம வண்டிய எடு. பாதியில நிக்கக்கூடாது,” என்று முன்னால் நடந்தாள். பதினோரு பேரும் நானும் பின்னால் போனோம், ஆட்டோ எங்களுக்குப் பின்னால் வந்தது. அன்றைக்கு வாயு லிங்கத்தில் ஆட்டோவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் கேட்ட கேள்விகள் அத்தனையும் போன வருஷத்து நடப்பு நிகழ்வுகள். ஒருவரும் திருத்தவில்லை.